அன்னா மே வாங் அம்மையார் சரிதம்

பெரியோர் பலருடைய வரலாறுகளை இவ்விதழின் வாயிலாகப் படித்து வரும் அன்பர்கள், இம்மாதம் ஒரு சினிமா நடிகையின் சரிதத்தைக் காணுங்கால் சிறிது புருவம் நெரிக்கக் கூடும். அதிலும் அயல்நாட்டு நடிகை. அதிலும் பேசாப்படக் காலத்தவர். ஆயினும் தாய்மாரும் பெண்மக்களும் கூடியிருந்து படித்தற்கு இச்சரிதம் தகுதியுடையதே என்பது எனது துணிபு. இதனை யான் எழுத நேர்ந்த காரணத்தை முதற்கண் கூறிவிடுகிறேன்.

சென்ற விடுமுறையில் ஓர் இரவு என் மகள் தன் மடிக்கணினியில் ஒரு பழம் படத்தைக் காட்டினாள். நூறாண்டு கடந்த படம். பேச்சில்லை, இடையிடையே எழுத்துப் பலகைகள் மட்டும் தோன்றி மறைந்தன. சீனப் பெண் ஒருத்தி, தான் பெற்ற மகனை வேறொருத்தியின் கையில் ஒப்புவிக்கின்றாள். அம்மகனிடம், தான் அவனுக்குத் தாயல்லள், வளர்த்த செவிலியே என்று பொய் கூறுகின்றாள். பின்னர்த் தனியளாய்க் கடலை நோக்கி நடக்கின்றாள். படம் முடிந்ததும் என் மகள், அவள் செய்த குற்றம் யாது, அவள் ஏன் சாகவேண்டும் என்று என்னைக் கேட்டாள். இருபதாண்டு காலமாகச் செய்யுளும் இலக்கணமும் கற்பித்து வரும் எனக்கு உடனே விடை கூற வரவில்லை. விடை தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

அச்சீனப் பெண்ணாக நடித்தவர் அன்னா மே வாங் அம்மையார். அவர் 1905-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 3-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டில் கலிபோர்னியா மாநிலத்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிற் பிறந்தார். குலப்பெயரோடு குடும்பத்தார் அவருக்கு இட்ட பெயர் வாங் லியு சொங் என்பது. வில்லோ என்னும் நீர்க்கரை மரத்தின்மீது படிந்த உறைபனி என்பது அதன் பொருள். தந்தையார் சலவைச்சாலை நடத்தியவர். அவரும் கலிபோர்னியாவிலேயே பிறந்தவர். ஆகவே அம்மையார் அந்நாட்டிற்கு வந்தேறியவர் அல்லர். இரு தலைமுறையாக அம்மண்ணில் தோன்றிய குடியினர். இதனை நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். ஏனெனில் அந்நாட்டார் பெரும்பாலோர் இதனை நினைவில் இருத்தவில்லை.

சீனத் தொழிலாளர் அந்நாட்டிற் புகலாகாது என்று 1882-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டிருந்தது. கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் நிகழும் மணம் செல்லாது என்று கலிபோர்னியச் சட்டம் முன்னரே கூறி வந்தது. அம்மையார் பிறந்த அதே 1905-ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டு, மங்கோலியர் என்னும் சொல்லும் அதிற் சேர்க்கப்பெற்றது. சீனரும் ஜப்பானியரும் அச்சொல்லுள் அடங்குவர். தொட்டிலிற் கிடந்த குழந்தைக்கு, பிற்காலத்தே அது யாரை மணக்கலாகாது என்பதை அரசாங்கம் முன்னரே எழுதி வைத்துவிட்டது.

பள்ளியிலும் துன்பமே. வெள்ளைப் பிள்ளைகள் எள்ளி நகையாடினர். பின்னிருக்கையில் அமர்ந்த சிறுவன் ஒருவன் அவரைக் குண்டூசியாற் குத்துவானாம். சீனருக்கும் நம்மைப்போல நோகுமோ என்று அறிதற்காக! அதற்கு மாற்றாக அவர் மேலங்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து சென்றதைப் பின்னாளில் அவரே கூறியுள்ளார். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு இச்செய்தியைப் படித்தபோது நெஞ்சு நடுங்கிற்று. அவ்வகுப்பில் ஆசிரியர் ஒருவர் இருந்திருப்பார் அல்லரோ? முடிவில் பெற்றோர் அவரைச் சீனப் பிள்ளைகளுக்கென நடந்த கிறித்தவப் பள்ளிக்கு மாற்றினர்.

அக்காலத்தே படத்தொழில் லாஸ் ஏஞ்சல்ஸில் வேரூன்றத் தொடங்கிற்று. வீதிகளிலேயே படம் பிடிப்பர். சலவைத் துணி கொண்டுபோய்க் கொடுக்கும் சிறுமி வழியில் நின்று வேடிக்கை பார்ப்பாள். பள்ளிக்கு மட்டம் போட்டுப் படக்கொட்டகைக்கும் செல்வாள். தந்தையார் கண்டித்தும் பயனில்லை. 1919-ஆம் ஆண்டு வெளிவந்த ரெட் லாண்டர்ன் என்னும் படத்தில், விளக்கேந்திச் செல்லும் கூட்டத்துப் பெண்களுள் ஒருத்தியாக அவர் முதன்முதல் தோன்றினார். அப்படத்தின் கதையைச் சிறிது நோக்குக. தந்தை வெள்ளையராகவும் தாய் சீனராகவும் பிறந்த பெண்ணொருத்தி ஒரு வெள்ளை இளைஞனைக் காதலிக்கின்றாள், அவன் ஏற்கின்றிலன், அவள் கலகக்காரருடன் சேர்ந்து இறுதியில் நஞ்சுண்டு மாய்கின்றாள். அப்பெண்ணாக நடித்தவர் ருஷியாவிற் பிறந்த நாஜிமோவா என்னும் வெள்ளை நடிகை. உண்மைச் சீனப் பெண்கள் விளக்குப் பிடித்தனர்.

இஃது அப்படத்திற்கு மட்டும் உரிய முறையன்று. மெலோடிராமா என அந்நாட்டார் வழங்கும் அழுகைச்சுவை மிக்க பேசாப்படங்களுக்கெல்லாம் எழுதாச் சட்டமாய் இருந்தது. அழுகை பிறக்கும் களங்களை நான்காக வகுத்த தொல்காப்பியர், இழத்தலையும் இழிவுறுதலையும் அவற்றுட் கூறினார். ஹாலிவுட்டார் அவ்விரண்டோடு இனவேற்றுமையையும் ஐந்தாவது களமாக்கிக் கொண்டனர் போலும்! 1915-ஆம் ஆண்டில் வெளிவந்த பர்த் ஆப் எ நேஷன் என்னும் படத்தில், வெள்ளை நடிகர் முகத்திற் கரி பூசிக் கறுப்பராக நடித்தனர்; கறுப்பன் ஒருவன் மணம் வேண்டித் தொடர, வெள்ளைப் பெண் மலையிலிருந்து குதித்து உயிர் விடுகின்றாள். அவ்வாண்டிலேயே வந்த சீட் என்னும் படத்தில், ஜப்பானியச் செல்வர் ஒருவர் தம்மிடம் கடன்பட்ட வெள்ளை மாதின் தோளிற் காய்ச்சிய இரும்பாற் சூடு போடுகின்றார். அதில் நடித்த ஸெஸ்யூ ஹயகாவா என்பார் ஜப்பானியரே. அழகிலும் நடிப்பிலும் சிறந்தவர். அமெரிக்க வெள்ளை மாதர் பலர் அவரைக் காணவே கொட்டகைகளை நிறைத்தனர். ஜப்பானியர் அப்படத்தை எதிர்த்தனர். மகாயுத்தத்தில் ஜப்பான் நேசநாடாக இருந்தமையால், 1918-ஆம் ஆண்டு அப்படத்தை மீண்டும் வெளியிட்டபோது எழுத்துப் பலகைகளை மாற்றி அவரைப் பர்மியர் ஆக்கிவிட்டனர். படம் அதுவே, முகம் அதுவே. தேசம் மட்டும் மாறிற்று. 1919-இல் கிரிபித் என்பார் எடுத்த புரோக்கன் பிளாஸம்ஸ் இவற்றினும் மென்மையான படம். அதிற் சீனன் நல்லவன், அடிபட்ட வெள்ளைச் சிறுமியைத் தெய்வம்போற் பேணுகின்றான், தீண்டுவதும் இல்லை. ஆயினும் அவளும் இறக்கின்றாள், அவனும் இறக்கின்றான். அச்சீனனாக நடித்தவரும் வெள்ளையரே.

இனி, என் மகள் காட்டிய படத்திற்கு வருவோம். டோல் ஆப் தி ஸீ என்பது அதன் பெயர். கடல் கொண்ட இறை என்று தமிழிற் கூறலாம். 1922-ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. அப்பொழுது அம்மையாருக்குப் பதினேழு வயது. உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முந்திய ஆண்டிலேதான் விட்டிருந்தார். டெக்னிகலர் நிறுவனத்தார் தம் புதிய வண்ணமுறையை உலகிற்குக் காட்டவே அப்படத்தை எடுத்தனர். சிவப்பும் பச்சையும் ஆகிய இரண்டு நிறங்களைக் கொண்டே யாவற்றையும் தோற்றுவிக்கும் முறை அது. நீலம் அதிற் செவ்வனே வாராது. ஆகவே கடலைப் பற்றிய அப்படத்தில் கடலின் நிறம் கடலின் நிறமன்று. அம்மையாரின் முகமோ உள்ளவாறே விளங்குகிறது.

கதை, ஜப்பானில் நிகழ்வதாக மேனாட்டார் பாடி வந்த மேடம் பட்டர்பிளை என்னும் இசைநாடகக் கதையே. அதனைச் சீனத்திற்கு மாற்றிப் பிரான்ஸெஸ் மேரியன் என்னும் பெண்மணி எழுதினார். அலை கரையில் ஒதுக்கிய அமெரிக்கன் ஒருவனைத் தாமரைப்பூ என்னும் பெண் காப்பாற்றுகின்றாள். சீன முறைப்படி மணமும் நிகழ்கின்றது. தாயகம் திரும்பும்போது தன்னையும் உடன்கொண்டு செல்வான் என நம்பி, பழங்காலத்து மேனாட்டு உடையொன்றை அணிந்துகொண்டு மகிழ்வோடு வந்து நிற்கின்றாள். நண்பர் சொற்கேட்டு அவன் அவளை விட்டுச் செல்கின்றான். அவளுக்கு ஆண்மகவு பிறக்கின்றது. ஊரார் நகைப்பைப் பொறாமல், அவன் எழுதுவதுபோலத் தானே கடிதங்கள் எழுதிக் காட்டுகின்றாள். ஆண்டுகள் சென்றபின் அவன் வருகின்றான். வெள்ளை மனைவியோடு வருகின்றான். அதன்பின் நிகழ்ந்ததை முன்னரே கூறினேன்.

பேசாப்படத்தில் நடிப்போர் கைகளை வீசிக் கண்களை உருட்டுவது அக்கால வழக்கம். அம்மையார் அங்ஙனம் செய்கின்றிலர். அழும்போது அழுகை அடங்கிக் கண்ணீர் மட்டும் வழிகின்றது. நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையின் மதிப்புரைகாரரும் அவரை அடிக்கடி திரையிற் காண விரும்புவதாக எழுதினார். படத்தின் இறுதிப்பகுதி காலத்தால் அழிந்தது. 1985-ஆம் ஆண்டு அதனைச் செப்பனிட்டோர், பழைய முறையிலேயே அந்திக்கடலைப் படம் பிடித்து இறுதியிற் சேர்த்தனர். நாங்கள் கண்டது அக்கடலே.

ஏன் சாகவேண்டும் என்னும் வினாவிற்குக் கதைக்குள்ளே விடையில்லை. கொட்டகையில் இருந்தோரிடமே இருந்தது. அவள் உயிரோடிருந்தால் அவ்வமெரிக்கன் இருதாரம் உடையவன் ஆவான். குழந்தைக்கு நிறம் வேறான தாய் ஒருத்தி இருப்பாள். அவள் நீங்கினால் யாவும் ஒழுங்காகிவிடும். காதலைக் கண்டு களிக்கவும் வேண்டும். அக்காதல் நிலைத்துவிடாது என்னும் உறுதியும் வேண்டும். அவ்விரண்டையும் ஒருங்கே தரவல்லது அவளது சாவு ஒன்றே. மணத்திற்கு வேலி கட்டுதல் நாம் அறியாத செய்தியன்று. நம் சங்கத்துக் கூட்டங்களிலேயே அதுபற்றி முதியோரும் இளையோரும் வாதிப்பதை யாவரும் கேட்டிருக்கிறோம். அவ்வாதத்தை இங்கே தீர்க்கப் புகுகின்றிலேன். ஆயின் வேலியைத் தாண்டிய ஆடவன் இருக்க, பெண்ணொருத்தியைக் கொன்று கதையை முடிப்பதும், அதனைக் கண்டு அழுதுவிட்டு வீடு சென்று நன்கு உறங்குவதும் எந்நாட்டு முறையாயினும் எனக்கு உவப்பில்லை. இவ்வளவே என் மகளிடமும் கூறினேன்.

இத்துணைப் புகழ் பெற்றபின் அவருக்குத் தலைமை வேடங்கள் வந்து குவிந்திருக்க வேண்டுமன்றோ? வரவில்லை. 1924-ஆம் ஆண்டு டக்ளஸ் பேர்பாங்க்ஸின் தீப் ஆப் பாக்தாத் படத்தில் மங்கோலிய அடிமைப்பெண். பீட்டர் பான் படத்தில் செவ்விந்தியப் பெண். 1927-இல் வந்த மிஸ்டர் வூ என்னும் படம் இவற்றுள் குறிக்கத்தக்கது. ஆங்கிலேயனைக் காதலித்த சீனப் பிரபுவின் மகள், தந்தையின் கையாலேயே மாள்கின்றாள். தந்தையாக நடித்த லான் சானியும் மகளாக நடித்த ரெனே அடோரேயும் வெள்ளையர். கண்ணோரத்தை மாற்றி ஒப்பனை செய்துகொண்டவர். அம்மையாருக்குக் கிடைத்தது தோழி வேடம். காதலன் தழுவும் சீனப் பெண், ஒப்பனையாற் சீனப் பெண்ணாக இருக்கலாம். பிறப்பாற் சீனப் பெண்ணாக இருத்தல் கூடாது.

மனம் சலித்து 1928-ஆம் ஆண்டு ஐரோப்பாவிற்குக் கப்பலேறினார். அமெரிக்காவிற் பிறந்த குடிமகளாயினும், வெளிநாடு செல்லுமுன், திரும்பி வருங்கால் உள்ளே விடுதற்பொருட்டு, சீன இனத்தார்க்கென வகுத்த தனி விண்ணப்பத்தை அதிகாரிகளிடம் கொடுத்து விசாரணைக்கு உட்பட வேண்டியிருந்தது. உடன் நடித்த வெள்ளையர்க்கு அத்தொல்லை இல்லை.

பெர்லின் நகரில் ஐக்பெர்க் என்னும் டைரக்டரின் படங்களிற் கதாநாயகியாக நடித்தார். ஜெர்மன் மொழியையும் பிரெஞ்சு மொழியையும் கற்றுக்கொண்டார். 1929-ஆம் ஆண்டு லண்டனில் டூபான் என்பவர் எடுத்த பிக்கடில்லி என்னும் படமே அவர் நடித்த பேசாப்படங்களுட் சிறந்தது என்பர். யானும் அங்ஙனமே கருதுகிறேன். பெரிய உணவு நடன விடுதியொன்றில் எச்சிற் பாத்திரம் கழுவும் ஷோஷோ என்னும் பெண், பாத்திர அறையின் மேசைமீது ஏறித் தானே ஆடிக் களிக்கின்றாள். விடுதியின் முதலாளி கண்டு முதலில் வெளியேற்றுகின்றான், பின்னர் அழைத்து வந்து மேடையில் ஆடச் செய்கின்றான், காதலும் கொள்கின்றான். தாமரைப்பூவைப்போல இவள் அஞ்சுபவள் அல்லள். என்ன ஆடை வேண்டும், அதனை எந்தக் கடையில் வாங்கவேண்டும் என்று முதலாளிக்கே ஆணையிடுகின்றாள்.

அப்படத்தில் ஒரு காட்சி. முதலாளியும் ஷோஷோவும் லண்டனின் கீழ்ப்பகுதியில் ஏழைகள் கூடும் மதுக்கடை ஒன்றிற்குச் செல்கின்றனர். அங்கே வெள்ளைப் பெண்ணொருத்தி கறுப்பர் ஒருவருடன் ஆடத் தொடங்குகின்றாள். கடைக்காரன் ஆட்டத்தை நிறுத்துகின்றான், கூட்டம் சினந்து எழுகின்றது, கறுப்பர் வெளியேற்றப்படுகின்றார். ஷோஷோவும் முதலாளியும் இதனை நோக்கி நிற்கின்றனர். எழுத்துப் பலகை வேண்டா; தங்கள் நிலையைத்தான் காண்கின்றனர் என்பது இருவர் முகத்திலும் தெரிகின்றது. இவ்வளவு துணிந்த டைரக்டரும் இறுதியில் வழக்கத்திற்கே பணிந்தார். திரையில் அவ்விருவரும் முத்தமிடுவதை நாம் காண்பதில்லை. காணுமுன் காட்சி மாறிவிடுகின்றது. ஷோஷோவும் சுட்டுக் கொல்லப்படுகின்றாள். வெள்ளை நாயகி பிழைக்கின்றாள்.

பேசும்படம் வந்தபின் மற்றொரு வியப்பு நேர்ந்தது. ஊமைத்திரையில் அவரைக் கீழ்த்திசைத் தாமரையாகக் கண்டோர், அவர் வாய் திறந்தபோது அசல் கலிபோர்னிய ஆங்கிலம் கேட்டுத் திடுக்கிட்டனர். லண்டன் நாடகமேடையிலும் விமர்சகர் இதனையே குறை கூறினர். அவர் மனந்தளராமல் ஆசிரியரை அமர்த்தி உச்சரிப்பைத் திருத்திக்கொண்டார்.

பின் வரலாற்றைச் சுருங்கக் கூறுகிறேன். 1930-இல் தாயகம் திரும்பினார். அவ்வாண்டிலேயே தாயார் மோட்டார் விபத்தில் இறந்தார். 1932-ஆம் ஆண்டு மார்லின் டீட்ரிச்சுடன் ஷாங்காய் எக்ஸ்பிரஸ் படத்தில் நடித்துப் புகழ் பெற்றார். 1933-இல் லண்டன் பத்திரிகையொன்றிற்கு அளித்த பேட்டியில், திரையிற் சீனர் எப்பொழுதும் கொடியவராகவே இருப்பது ஏன் என்று வெளிப்படையாகவே வினவினார். பேர்ல் பக் எழுதிய குட் எர்த் என்னும் நாவலை மெட்ரோ நிறுவனத்தார் படமாக்க முனைந்தபோது, சீனக் குடியானவன் மனைவியாகிய ஓலான் வேடம் தமக்கே கிடைக்கும் என்று நம்பினார். கணவன் வேடம் பால் முனி என்னும் வெள்ளையர்க்கு அளிக்கப்பட்டது. திரையில் இனக்கலப்பைக் காட்டலாகாது என்னும் தணிக்கை விதி 1934 முதல் கடுமையாய் நடந்து வந்தது. எழுத்தளவில் அவ்விதி வெள்ளையரையும் கறுப்பரையுமே குறித்தது எனினும், படமுதலாளிகளின் அச்சம் அவ்வெல்லையில் நிற்கவில்லை. சீனக் கணவனும் சீன மனைவியுமாகிய கதையில், கணவன் உண்மையில் வெள்ளையனாதலால் மனைவியும் வெள்ளையாகவே இருக்கவேண்டியதாயிற்று! அம்மையாரைக் குடும்பத்தைக் கெடுக்கும் ஆசைநாயகியின் வேடத்திற்குப் பரிசோதித்தனர். அவர் மறுத்துவிட்டார். ஓலானாக நடித்த லூயிஸ் ரெய்னருக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

அம்மனப்புண்ணோடு 1936-ஆம் ஆண்டு சீன தேசம் சென்றார். அங்கேயும் தூற்றினர். நான்கிங் நகரில் அதிகாரிகள் விருந்தளித்து, அவ்விருந்திலேயே அவர் நடித்த வேடங்கள் சீனருக்கு இழிவு என்று நெடுநேரம் கண்டித்தனர். அமெரிக்கர்க்கு அவர் சீனர். சீனர்க்கு அவர் அமெரிக்கர். தமக்கு வேறு வேடங்கள் அளிக்கப்படவில்லை என்பதே அவர் கூறிய விடை.

திரும்பி வந்தபின் 1937-ஆம் ஆண்டு டாட்டர் ஆப் ஷாங்காய் என்னும் சிறு படத்தில் நடித்தார். செலவு குறைந்த படம், பேரறிஞர் பாராட்டியதன்று. ஆயினும் அதில் அவர் இறக்கின்றிலர், குற்றவாளிகளைக் கண்டுபிடிக்கின்றார். நாயகனாக நடித்த பிலிப் ஆன் கொரிய இனத்தவர். படத்தின் முடிவில் அந்நாயகன் மணம் வேண்ட, அவர் இசைகின்றார். அமெரிக்க நாட்டுக் காங்கிரஸ் நூலகம் 2006-ஆம் ஆண்டு அதனைப் போற்றிக் காக்கத்தக்க படங்களின் வரிசையிற் சேர்த்தது.

உண்மை வாழ்வில் அவர் மணம் செய்துகொள்ளவில்லை. வெள்ளையர் சிலரோடு அவருக்கு நேசம் இருந்தது என்று சரிதம் எழுதியோர் கூறுவர். அவ்வரலாறுகளைக் கிளறுதல் நம் வேலையன்று. கலிபோர்னியாவின் மணத்தடைச் சட்டத்தை அம்மாநில உயர்நீதிமன்றம் 1948-ஆம் ஆண்டு தள்ளிற்று. அப்பொழுது அவருக்கு நாற்பத்துமூன்று வயது. நாடு முழுவதற்கும் அத்தடை நீங்கியது 1967-இல்.

அவர் 1961-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள், தமது ஐம்பத்தாறாம் வயதில், ஸாண்டா மோனிகா நகரத்துத் தம் இல்லத்தில் மாரடைப்பால் இறந்தார். 2022-ஆம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் கால்டாலர் நாணயத்தில் அவர் முகத்தைப் பொறித்தது. இறக்குமுன் அவர் பிளவர் டிரம் ஸாங் என்னும் படத்தில் நடிக்க ஏற்பாடாகியிருந்தது. அமெரிக்காவில் வாழும் சீனக் குடும்பத்தின் கதை. நடிப்போரும் ஏறக்குறைய யாவரும் ஆசிய இனத்தார். அவர் ஏற்கவிருந்த முதியவளின் வேடத்தில், முன்னரே நாடகமேடையில் அதனை நடித்திருந்த ஜுவானிடா ஹால் என்னும் கறுப்பின மாது, சீனப் பெண்ணாக ஒப்பனை செய்துகொண்டு நடித்தார்.